பச்சைமலைப் பேண்டு ஒற்றை வரிசையில்தான் நடக்கும்

மாற்றல் ஆணை வந்த அன்று ஆசிரியர் அறையில் எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். திருச்சியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த என்னை, மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் பச்சைமலை மேல் இருக்கும் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குத் தூக்கி அடித்திருந்தார்கள். விளையாட்டு வகுப்பை இனிமேல் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்க மாட்டேன் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னதற்குக் கிடைத்த பரிசு அது. "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு வந்துடுங்க டீச்சர்" என்றார்கள். எனக்கு வருத்தமில்லை, கோபம்தான் இருந்தது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

வீடு ஸ்ரீரங்கத்தில். திங்கட்கிழமை விடியும்போதே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, திருவெள்ளறை தாண்டி, துறையூரில் இறங்கி, மலைக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பேன். அதை விட்டால் அன்றைய பொழுது போச்சு. வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு விடுதியிலேயே தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை இறங்குவேன்.

அந்தப் பள்ளியில் காலை வழிபாடு முடிந்ததும் பிள்ளைகள் வகுப்புக்கு நடந்து போவதற்கு ஒரு பேண்டு சத்தம் வைப்பார்கள். நகரத்துப் பள்ளி ஒன்றில் யாரோ செல்போனில் பதிவு செய்தது. நடு நடுவே ஆட்டோ ஹாரனும் சேர்ந்து கேட்கும். ஆட்டோவே ஏறாத மலையில் தினமும் காலையில் ஆட்டோ ஹாரன். பிள்ளைகள் அதையும் பாட்டின் பகுதி என்று நினைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. நமக்கென்று ஒரு பேண்டு இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

நகரத்துப் பள்ளி ஒன்றின் உடற்கல்வி ஆசிரியரிடம் பழைய டிரம்கள் ஸ்டோர் ரூமில் கிடப்பது எனக்குத் தெரியும். மாவட்டப் பள்ளிகளின் அணிவகுப்பை நடத்துபவரும் அவர்தான். போய்க் கேட்டேன்.

"மலைக்கு எதுக்கு மேடம் பேண்டு? அங்க யாரு பாக்கப்போறாங்க?"

"பாக்க ஆள் இருக்கிற ஊர்லதான் அடிக்கணுமா சார்?"

சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களையும் பார்த்து ஒரு சிரிப்பு. "சரி, எடுத்துட்டுப் போங்க. இந்த வருஷ அணிவகுப்புல உங்க பிள்ளைங்க டிரம் அடிச்சுக்கிட்டே மைதானத்தைக் கடந்து காட்டட்டும், எல்லாம் உங்களுக்கே. இல்லேன்னா அன்னிக்கே திருப்பிக் குடுத்துடணும். என்ன?"

"சரி" என்றேன். வீம்புக்குத்தான் சொன்னேன். அணிவகுப்பு என்றால் என்னவென்றே என் பிள்ளைகளுக்குத் தெரியாது.

டிரம்கள் மலை பஸ்ஸின் பின் சீட்டில் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளோடு ஏறின. பெரிய டிரம்மைத் தூக்க உயரமான பையன்களைக் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, என் தோளுக்குக்கூட வராதவள், குறுக்கே வந்து வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். முட்டியிலிருந்து முகவாய் வரை அவளைக் காணவில்லை. இறக்கி வை என்றேன். "எங்க வீட்டு வெறகு இதைவிட கனம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மைதானத்தைச் சுற்றிவந்தாள். அதற்குப் பிறகு அதை வேறு யாரும் தொடவில்லை.

தாளம் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. நடைதான் என் உயிரை வாங்கியது. மூன்று மூன்று பேராக நிற்கவைப்பேன். நிற்கும்போது ஒழுங்காக இருக்கும். "நட" என்றதும் நாலு எட்டுக்குள் ஒருவர் பின் ஒருவராக ஒற்றை வரிசையாகிவிடுவார்கள். கத்திப் பார்த்தேன், சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தேன். கடைசியில் தொண்டை கட்டிப்போய், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பெரிய டிரம்காரிதான் பதில் சொன்னாள்.

"பக்கத்துல பக்கத்துல நடந்தா யாரு காலைப் பாக்குறது டீச்சர்?"

அவர்கள் ஊர்ப் பாதைகளில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. முன்னால் போகிறவர் எங்கே கால் வைக்கிறாரோ அங்கேதான் பின்னால் வருகிறவரும் வைக்க வேண்டும். கல் புரளாது, பாம்பு இருக்காது. நடக்கப் பழகிய நாள் முதல் அவர்கள் பார்த்தது முன்னால் போகும் குதிகாலைத்தான். அந்தக் காலைப் பார்த்து அடிக்கும்போது ஒரு அடி பிசகியதில்லை. பக்கத்தில் ஆள் வந்தால் கண் அலைகிறது, கை தடுமாறுகிறது. ஆனாலும் அணிவகுப்பு விதி மூன்று வரிசை என்பதால் அதையே மாதக்கணக்கில் பழக்கினேன். ஓரளவு வந்தது.

அணிவகுப்பு நாளன்று திருச்சி மைதானத்தில் காலை ஒத்திகை. அவ்வளவு பெரிய சமதரையைப் பிள்ளைகள் பார்த்ததேயில்லை. மூன்று வரிசையில் கிளம்பினார்கள், பாதி தூரத்தில் தாளம் ஆளுக்கொரு பக்கம் சிதறியது. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டிரம் கொடுத்தவர் வந்தார்.

"நான் அப்பவே சொன்னேனே மேடம். டிரம்மை இறக்கி வெச்சுடச் சொல்லுங்க. பிள்ளைங்க சும்மா கடைசியில நடக்கட்டும், எங்க பேண்டு அடிக்கும். முடிஞ்சதும் வேன் வரும், டிரம்மை ஏத்தி விட்டுடுங்க."

அந்தப் பெண் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "டிரம்மைக் குடுத்துடணுமா டீச்சர்? நாளைக்கு மறுபடியும் செல்போன்தானா?"

மூன்று வரிசை என்பது எந்தச் சாமி போட்ட கட்டளை?

"உங்களுக்கு எப்படி நடக்க வருமோ அப்படி நடங்க" என்றேன். "நீ முன்னால போ."

"ஒத்தையாவா?"

"ஒத்தையா."

எங்கள் முறை வந்தது. அவள் முதல் அடி வைத்தாள், பெரிய டிரம் அதிர்ந்தது. பின்னால் ஒவ்வொரு கால், ஒவ்வொரு குச்சி. யாரும் மேடையைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து முன்னால் போகும் காலைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவள் அந்தக் கோடியை எட்டும்போது கடைசிப் பையன் இந்தக் கோடியில் இருந்தான். அவ்வளவு நீளத்துக்கும் ஒரே அடி. அவர் விசில் ஊதினார். கேட்டால்தானே! அடுத்த பள்ளி நின்ற இடத்திலேயே காலை மாற்றிக்கொண்டு காத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன், யார் பார்த்தால் எனக்கென்ன?

அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "இது அணிவகுப்பே இல்ல மேடம். ரூல்னு ஒண்ணு இருக்கு."

"மைதானத்தைக் கடக்கணும்னுதானே சார் சொன்னீங்க? கடந்துட்டாங்க."

"அதெல்லாம் செல்லாது. டிரம்மை வேன்ல ஏத்தச் சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தேன். மைதானத்தில் என் பிள்ளைகள் இல்லை. நில் என்று யாரும் சொல்லவில்லை, அவள் நிற்கவுமில்லை. வரிசையின் வால் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஆட்டோக்கள் வழிமறிபட்டு ஹாரன் அடித்தன. டிரம் சத்தமும் ஹாரனும் சேர்ந்து, தினமும் காலையில் மலையில் கேட்ட அதே சத்தம். இந்த முறை அடிப்பது நாங்கள்.

"டிரம் வேணும்னா மலைக்கு வாங்க சார். துறையூர்ல பஸ் மாறணும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கடைசிப் பையனின் பின்னால் சேர்ந்து, அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதிப் போட்டேன். காலை வழிபாட்டில் இப்போது செல்போன் இல்லை. அவர் இன்னும் மலைக்கு வரவில்லை. வரட்டும், பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளி வரை பேண்டு அடித்தே அழைத்துப் போகிறோம். பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும். அவர் எங்களுக்குப் பின்னால் வரட்டும்.