எலுமிச்சைச் சாதத்தில் புரட்டிய தாலி

என் ஓரகத்தி அனுசூயாவுக்கு இரண்டு கல்யாணம். இரண்டிலும் மாப்பிள்ளை ஒருவன்தான், என் கொழுந்தன் சந்திரமௌலி. முதலாவது தென்காசியில், மேளதாளத்தோடு. இரண்டாவது மாண்ட்ரியலில், எக்ஸ்ரே அறை வாசலில்.

எழுபத்து மூன்றாம் வருஷம். அங்கே பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். குளிர்காலம் முழுக்க ஃபிரிட்ஜோடு பேசிக்கொண்டிருந்த அனுசூயாவுக்குத் தெருமுனைக் குழந்தைக் காப்பகத்தில் வேலை கிடைத்தது. கால் தரையில் நிற்கவில்லை அவளுக்கு. காசநோய் இல்லையென்று கிளினிக்கில் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை சேரலாம்.

எக்ஸ்ரே எடுத்த மறுநாள் போன் வந்தது. நெஞ்சில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாம், திரும்ப வரவேண்டுமாம். என் வீட்டுக்காரர் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். சோற்றுப்பானை வரைக்கும் பனி வந்தது. சந்திரமௌலி தன் டம்ளரை ஒளித்துவைத்தான்.

"ஒரு தும்மல்கூட இல்லாத எனக்கு டிபியாம்!" என்றாள் அனுசூயா. எத்தனை நேரமாகுமோ என்று எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு அவளும் சந்திரமௌலியும் நானும் போனோம்.

லூசியென் என்ற நர்ஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். சந்திரமௌலி தமிழில் சொன்னான்: "கழுத்துல ஏதாவது போட்டிருந்தியான்னு கேக்கறாங்க."

அனுசூயா ரவிக்கைக்குள்ளிருந்து தாலிக்கயிற்றை இழுத்தாள். இரண்டு பொன் பொட்டுகள் ஆடின. "இதை மட்டும் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். முன்னாலதானே படம் பிடிக்கறாங்க!"

"எக்ஸ்ரே முதுகையும் சேர்த்துப் பாக்கும்டி!" என்றேன் நான்.

"கழட்டுங்க" என்று லூசியென் கையால் காட்டினாள்.

"இவர் தூண் மாதிரி எதிர்ல நிக்கறப்போ எப்படிக் கழட்டுவேன்?"

கழட்டாவிட்டால் படமில்லை, வேலையுமில்லை. அனுசூயாவின் கண் கலங்கியது. அப்புறம் சாப்பாட்டுத் தூக்கின்மேல் போய் நின்றது. ஊரில் தாலியைத் தட்டானிடம் கொடுக்கும்போது, கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று முதலில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வோம்.

"அக்கா, சாதத்துல மஞ்சள் இருக்கே!"

லூசியெனிடம் கட்டுத்துணி நாடா வாங்கி, எலுமிச்சைச் சாதத்தில் புரட்டி எடுத்தேன். கடுகையெல்லாம் தட்டிவிட்டேன், அதுவும் புள்ளியாகத் தெரிந்து தொலைத்தால்?

கட்டச் சொல்லிச் சந்திரமௌலியிடம் நீட்டினேன். "இங்கேயா அண்ணி? எல்லாரும் பாக்கறாங்க."

"தென்காசியில கதவைச் சாத்திக்கிட்டா கட்டினீங்க?" என்றாள் அனுசூயா.

அவன் முதல் முடிச்சைப் போட்டான். மற்ற இரண்டையும் நாத்தனார் போடவேண்டும், அவளோ தென்காசியில். விஷயம் கேட்ட லூசியென், "நான் போடறேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வரிசையில் இருமிக்கொண்டிருந்த கிழவர்கள் இருமலை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அதன்பிறகுதான் பொன் தாலி கழுத்தைவிட்டு இறங்கியது.

புதுப் படத்தில் நெஞ்சு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. திங்கட்கிழமை அனுசூயா வேலைக்குப் போனாள்.

தீபாவளியன்று கதவைத் திறந்தால் லூசியென் நிற்கிறாள். "நாத்தனாருக்குச் சேலை உண்டாமே, எங்கே?" என்கிறாள். சொல்லிக்கொடுத்த அனுசூயா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.