வீட்டில் இருந்த புள்ளிகள்

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது, நோய் எப்படிப் பரவும், எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நான் கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார். அந்த வாரம் நான் அடித்த பந்தாவை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

புரோகிராமில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. வேலைக்குப் போகிற புள்ளி வெளியே போய் மற்ற புள்ளிகளோடு உரசும். வீட்டில் இருக்கிற புள்ளி அசையாது. தொற்றினால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. யார் வேலைக்குப் போகிறார் என்பதை அரசாங்கப் பதிவேட்டிலிருந்து எடுத்தேன். அதில் வலங்கைமானைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் ‘இல்லத்தரசி’. விடியுமுன்பே லோடு வண்டியில் நெருக்கியடித்து நின்று, ஊர் ஊராகப் போய் நாற்று நட்டு வருகிறவளும், கணக்கெடுக்க வருகிறவரிடம் “வீட்டுலதான் சும்மா இருக்கேன்” என்பாள். எழுதுகிறவருக்கும் அது வசதி.

இது எனக்குத் தெரியாதா? இருபது பெண்கள் போகிற அப்படியொரு நடவு வண்டிக்கு என் அக்காதான் தலைவி. அவள் சம்பாத்தியத்தில்தான் நான் படித்தேன். மெத்தப் படித்த மேதாவி, புரோகிராமில் அவளையும் வீட்டில் உட்கார வைத்தேன்.

அதிகாரிகள் கூட்டத்தில் திரையைப் போட்டேன். டவுன் சிவந்தது, எங்கள் கிராமங்கள் பச்சையாகவே நின்றன. ஓர் அதிகாரி முந்திரி பக்கோடாவை மென்றபடி, “அப்படியே சினிமா மாதிரி இருக்கு சார்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியின் நர்ஸ் மட்டும் எழுந்து நின்றார்.

“நடவு ஆரம்பிக்கப் போவுதுங்க. எங்க படுக்கையில கை வைக்காதீங்க.”

“வயல்ல இடைவெளி தானா இருக்கும்மா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வண்டியை யாரும் நினைக்கவில்லை. அங்கிருந்த படுக்கைகளில் பாதி டவுனுக்குப் போயிற்று.

நடவு தொடங்கிய பத்தாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். அவளுடன் வண்டியில் போன பெண்களுக்கும்தான். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இருந்த படுக்கைகள் நிறைந்துவிட்டன. வராந்தாவில் பாய் விரித்து அவளைக் கிடத்தினேன். அதே நர்ஸ் நோட்டோடு வந்து என்னைப் பார்த்தார். பழைய பேச்சை எடுக்கவில்லை.

“என்ன வேலை பாக்குறாங்க?”

“வீட்டுலதான்” என்று என் வாயில் வந்துவிட்டது.

அக்கா கண்ணைத் திறந்தாள். “அப்ப நடவு நட்டது யாருடா, ஒன் கம்ப்யூட்டரா?”

மறுநாள் மத்தியானம் அவளுக்குப் படுக்கை கிடைத்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் படுக்கை, அவள் வண்டியிலேயே வந்த ஒருத்தி இறந்துபோனதால் காலியானது. இறந்தவளும் என் புரோகிராமில் வீட்டில்தான் இருந்தாள், பச்சையாக.