கோடில்லாத அணிலுக்கு ஒரு மரம்

அணில்குட்டி வளர்ப்பது சம்பளமில்லாத வேலை. கடி மட்டும் தவறாமல் கிடைக்கும். பூனைக்குட்டியையோ காக்கைக் குஞ்சையோ வீட்டுக்குத் தூக்கி வந்து உங்களில் சிலர் திட்டு வாங்கியிருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், லண்டன் வேலையை விட்டுவிட்டுப் பினாங்குக்குத் திரும்பினேன். தனி ஆள், பொழுது நிறைய இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற புவனம் அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார். தாயிழந்த அணில்களை வளர்த்து மரத்துக்கு அனுப்பிவைக்கும் நாலைந்து பேருக்கு அவர்தான் தலைவி. "சும்மாதானே இருக்கீங்க தம்பி" என்றார். சேர்ந்துவிட்டேன்.

டின்பால்

என் கைக்கு வந்த முதல் குட்டி, சுங்கை பினாங்கில் காதர் அண்ணனுடைய தேத்தண்ணிக் கடைக் கூரையிலிருந்து விழுந்தது. தாயைப் பூனை கொண்டுபோய்விட்டது. கண் திறக்காத அந்த உயிரை அண்ணன் துண்டில் சுற்றி, வெந்நீர் பாய்லர் பக்கத்தில் வைத்திருந்தார். அந்தச் சூடுதான் அதைக் காப்பாற்றியது. ஆனால் கடைக்கு வந்த விருந்தாளியாயிற்றே என்று டின்பாலைக் கரைத்து ஊட்டியும் விட்டார். என்னிடம் வந்தபோது வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தது.

உப்பும் சர்க்கரையும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார் புவனம் அக்கா. வயிற்றுப்போக்கு நின்றதும் ஆட்டுப்பால். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும், தாய் நக்கிவிடுகிற மாதிரி. இல்லாவிட்டால் அதற்கு மூத்திரம் போகத் தெரியாது. குட்டி தலை தூக்கிய பிறகு காதர் அண்ணனிடம் போய், இனி எந்தக் குட்டிக்கும் டின்பால் வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னேன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கடையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்த ஊரே இதைக் குடிச்சுத்தான் நடமாடுது தம்பி. இதுக்கு மட்டும் ஒத்துக்கலையா?"

முதுகு

ஆட்டுப்பால் தந்தவர் பக்கத்து வீட்டுக் கமலா அக்கா. அவர் தம்பி ஆடு வளர்க்கிறார். குட்டிக்கு முடி முளைத்ததும் கமலா அக்கா பார்க்க வந்தார். பழுப்பு முதுகு, செம்மண் நிற வயிறு, விலாவில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை. புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முதுகுல மூணு கோடு எங்க?" என்றார். ராமர் தடவிக் கொடுத்த அணிலெல்லாம் இந்தியாப் பக்கம்தான், நம் ஊர் அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது என்று விளக்கினேன். குட்டியைத் திரும்ப என் கையில் வைத்தார்.

"அப்போ பாலம் கட்டுற வேலைக்கு இது வரவே இல்ல. இதுக்குப் போயி எங்க ஆட்டுப்பாலா?"

நல்ல பிள்ளை

பால் நிற்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குட்டி கொழுத்தது. பல் முளைத்ததும் தேங்காய்ச் சில்லுக்கு மாறியது. பேச்சுத்துணைக்கு வேறு ஆளில்லாததால் நான் அதோடு தமிழில் கொஞ்சினேன், ஆங்கிலத்தில் கண்டித்தேன். ஒருநாள் புவனம் அக்கா வந்து கூண்டைத் திறந்தார். அது முன்பின் பார்த்திராத அவர் தோளில் ஏறி, காதுக்குள் மூக்கை நுழைத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அக்காவின் முகம் வாடிவிட்டது.

மனிதரைக் கண்டு ஓடாத அணிலை வெளியே விட முடியாது. யாராவது பிடித்துப் பாசாரில் விற்றுவிடுவார்கள். பயம் வந்தால் மரம், வராவிட்டால் ஆயுசுக்கும் கூண்டு. அன்றிலிருந்து பேச்சு இல்லை, தொடுவது இல்லை. கூண்டுக்குத் துணி போர்த்தி, சாப்பாட்டை அடியில் தள்ளினேன். அக்கா சொன்னபடி மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தகர மூடியைத் தட்டினேன். அது தேங்காயைக் கொறித்தபடி வேடிக்கை பார்த்தது. நம்பிக்கை விட்டுப்போன நேரத்தில், ஒருநாள் காலை தண்ணீர் வைக்கப்போன விரலைப் பதம் பார்த்துவிட்டுக் கூண்டு மூலையில் ஒளிந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட அக்காவுக்கு டெலிபோன் செய்தேன்.

"கடிச்சிருச்சா? நல்ல பிள்ளை லா. இப்பத்தான் ஆளாயிருக்கு."

இடம்

அடுத்தது மரம். பாலிக் புலாவில் டுரியான் பழத்தோட்டம் வைத்திருக்கும் மாமா மகனிடம் கேட்டேன். "திருடனை நீ வளர்த்து என் வீட்டுக்கு அனுப்புறியா மச்சான்?" என்று போனை வைத்துவிட்டான். மரம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பழமும் வைத்திருந்தார்கள். கடைசியில் அக்காவுக்கு இந்து மயானத்தின் நினைவு வந்தது. பெரிய பெரிய நிழல் மரங்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் முனியாண்டியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னோம்.

"தாராளமா விடுங்க சார். இங்க உள்ளவங்க யாரும் புகார் பண்ண மாட்டாங்க."

கதவு

கூண்டை ஒரு கிளைக்கவட்டில் கட்டி, இடம் பழகும்வரை அங்கேயே வைத்து, ஒருநாள் காலை கதவைத் திறந்தோம். வெளியே வந்தது. மேலே போகாமல் அடிமரம் வழியாக இறங்கி, நேராக என்னைப் பார்த்து வந்தது. கூப்பிட நாக்கு துடித்தது. புவனம் அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். என் கால் சப்பாத்துக்கு ஓரடி முன்னால் நின்று முகர்ந்தது. பிறகு வாலைச் சிலிர்த்து, எதிரியைத் திட்டுவதுபோல் 'சக் சக்' என்று என்னைத் திட்டிவிட்டு, விருட்டென்று மரமேறிப் போய்விட்டது. கிளை ஆடி நின்றது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தார். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சருகு கூட்டிக்கொண்டு வந்த முனியாண்டி என் காலருகே நின்றார்.

"அது போயிருச்சு சார். நீங்க கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா கூட்டிருவேன்."

வளர்த்த பிள்ளை நம்மைத் திட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடினால், அன்றைக்கு மத்தியானம் பாயசம் வைத்துக் கொண்டாடுகிற வேலை, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.