கிளினிக் கொப்பியில் எழுதிய நல்ல சீனி

சீ, எழுதவே கூசுகிறது. எனக்குச் சீனி வியாதி. அதோடு மாதம் தவறாமல் கீழே அரிப்பு. தயிர் திரிந்த மாதிரி வெள்ளை படும். ஒன்றுக்குப் போனால் மிளகாய் தேய்த்த எரிச்சல். பங்கஸ் என்று சொல்லிப் பூசு மருந்து தந்தார்கள். ஏழு நாள் பூசச் சொன்னால், மூன்றாம் நாள் அரிப்பு அடங்கியதும் விட்டுவிடுவேன். அடுத்த மாதம் சனியன் திரும்ப வந்து நிற்கும்.

மடுல்சீமை மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள் எங்கே போய்ச் சொறிவாள்? மழையில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து, பாவாடையும் நனைந்து, வேலை விடும்வரை ஈரம் உடம்பிலேயே ஊறும். நான் நெளிவதைப் பார்த்துப் பக்கத்து நிரைக்காரி, "என்னக்கா, அட்டை ஏறிருச்சா?" என்பாள்.

"ஆமாடி, பெரிய அட்டை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். என் வாடை எனக்கே குமட்டும்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. மாதம் ஒருமுறை பதுளையில் கிளினிக். அதற்கு முந்திய மூன்று நாள் மட்டும் பத்தியம். மாத்திரையும் அந்த மூன்று நாள்தான் ஒழுங்காக. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பேன். கொப்பியில் சீனி நல்ல நிலை என்று எழுதுவார்கள். பஸ் ஏறுமுன் கடையில் இரண்டு இனிப்புப் பணிஸ், சீனி தூக்கலாகப் பால் தேத்தண்ணி. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு!

வீட்டுக்காரருக்கும் அரிப்பு தொடங்கியது. ஒரு சாயங்காலம் கொப்பியை எடுத்துப் புரட்டினார்.

"சீனி நல்லாத்தானே இருக்கு? அப்ப இந்தக் கருமம் எங்கேருந்து வந்துச்சு? எவன்கிட்ட வாங்கிட்டு வந்த?"

இருபத்திரண்டு வருடம் ஒரே லயத்து வரிசையில், ஒரே காம்பிரா அறையில் என்னோடு குடித்தனம் நடத்திய மனுசன்! தலகாணியைத் தூக்கி வாசல் பக்கம் போட்டுக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா. இங்கே இருமினாலே அங்கே கேட்கும். மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அவள் தன் குடத்தை என் குடத்திலிருந்து தள்ளி வைத்தாள். என் ஏமாற்றை நானே உடைக்காவிட்டால் லயம் முழுக்க என்னைத் தேவடியாள் என்று பேசும்.

அடுத்த கிளினிக்குக்கு நான் பத்தியம் இருக்கவில்லை. வழக்கம்போல் எல்லாவற்றையும் தின்றேன். அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்னம்மா, போன மாசம் நல்லாத்தானே இருந்தது? இப்ப இவ்வளவு கூடிக் கிடக்கு?"

"கிளினிக்குக்கு முந்தின மூணு நாள்தாங்க பத்தியம். மத்த நாளெல்லாம் சீனிதான். பொய்யாத்தான் காட்டினேன். இவரு எவன்கிட்ட வாங்கிட்டு வந்தன்னு கேக்குறாருங்க."

"பிறகேன் பங்கஸ் திரும்பத் திரும்ப வருதெண்டு கேக்கிறியள்? சீனி கூடினால் அதுக்கு நல்ல தீனி. ஒருத்தரிட்டையும் போய் வாங்கத் தேவையில்லை." வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் கடிக்குதெண்டால் நீங்களும் பூசுங்கோ."

பிறகு எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். மருந்தை ஏழு நாளும் விடாமல் பூச வேண்டும், ஈரத்தோடு இருக்கக் கூடாது, இப்படியே ஏமாற்றினால் கண் போகும், காலை எடுக்க வேண்டி வரும்.

வெளியே வந்ததும் பார்த்தேன், வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்.

"அப்ப சீனிதான்! நல்ல வேளை புள்ள" என்றார்.

நல்ல வேளையாம். பொண்டாட்டி கால் போகும் என்று கேட்டுவிட்டு வந்து இப்படிச் சிரிக்கிற முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே காறித் துப்பினேன்.