வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே

காலை ஏழு ஐம்பது. ஹாமில்டனில் வேலைக்குப் போகும் வழியில், மகளின் பள்ளி வாசலில் முதலில் கண்ணில் பட்டது அட்டையொன்றைத் தூக்கிப் பிடித்து நின்ற அவளுடைய வகுப்பாசிரியை ஹெலன். 'ஆதரவென்றால் ஹார்ன் அடியுங்கள்' என்று எழுதியிருந்தது. ஆசிரியர்கள் ஊதிய உயர்வுக்காக அன்று வேலைநிறுத்தம். நியூசிலாந்தின் இந்த ஊரில் யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. வந்து நான்கு ஆண்டுகளில், என் வண்டியின் ஹார்ன் எப்படி ஒலிக்கும் என்பதை அன்றுதான் கேட்டேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, உளுந்து விதைத்த கரிசல் காடுகளுக்கு நடுவே இரண்டு அறைகள் கொண்ட அரசு தொடக்கப் பள்ளி. ஓர் அறையில் என் அக்கா செல்வி, மற்றதில் சாந்தி டீச்சர். மழை பெய்தால் இருவருடைய பிள்ளைகளும் ஒழுகாத ஓர் அறையில்தான் உட்காருகிறார்கள். இருவரும் நியமன ஆணையை ஒரே நாளில் வாங்கினார்கள். சாந்தி டீச்சர் மறுநாள் வெள்ளிக்கிழமையே பணியில் சேர்ந்துவிட்டார். அன்று அஷ்டமி. எங்கள் வீட்டில் அஷ்டமி, நவமியில் எதையும் தொடங்குவதில்லை. சனி நவமி, ஞாயிறு விடுமுறை. அக்கா திங்கட்கிழமை, ஏகாதசியன்று, தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு போய்க் கையெழுத்திட்டாள். பிறகு வந்த ஊதிய அரசாணை அந்த ஞாயிற்றுக்கிழமையில் கோடு கிழித்தது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு ஓர் அடிப்படை ஊதியம். பின் சேர்ந்தவர்களுக்குக் குறைவு. ஆண்டு உயர்வும் அகவிலைப்படியும் அதன் மேல் கணக்கிடப்படுவதால் இடைவெளி அகன்றுகொண்டே போகிறது.

"ஏட்டி, ஒனக்கு ஆப்பு வச்சது அந்த ஏகாதசிதான்" என்று சாந்தி டீச்சர் கேலி பேசுவார். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

வண்டியை நிறுத்தி ஹெலனிடம் இதைச் சொன்னேன்.

"அந்த வெள்ளிக்கிழமை உங்கள் அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்லை. அது பிறையின் எட்டாம் நாள்."

"மத விடுமுறை! அது பணிக்காலத்தில் சேருமே. யாரும் கேட்கவில்லையா?"

"கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்."

"நல்லது. அப்படியென்றால் பேச்சுவார்த்தை நடக்கிறது" என்று புன்னகைத்தார்.

நான் திருத்தவில்லை. அவர் ஊரில் கேட்பது என்றால் மேசையின் இருபுறமும் ஆட்கள் உட்காருவது. எங்கள் ஊரில் கேட்டவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் அடைத்து, மாலையில் விடுவார்கள். வகுப்புக்கு வராத நாளுக்கு ஊதியம் இல்லை. விளக்கம் கேட்டு நோட்டீஸும் வரும். அதற்குப் பயந்தே அக்கா எந்தப் போராட்டத்துக்கும் போனதில்லை.

அன்று மாலை அவள் அழைத்தாள். அங்கே பள்ளிக்குக் கிளம்பும் நேரம்.

"ஏலே, இன்னைக்கு ராத்திரி ரயில்ல மெட்ராஸ் போறேன். நாளைக்குப் போராட்டம். எம் வகுப்பையும் சாந்தி பாத்துக்கிடுதேன்னுட்டா."

"சம்பளத்தப் பிடிப்பாவளேக்கா."

"பிடிக்கட்டும்ல. இத்தன வருசமா பிடிச்சிட்டுத்தான இருக்காவ."

"நோட்டீஸ் வந்தா?"

"வரட்டும். ஒண்ணாவது எம் பேருக்கு வரட்டும்."

"அம்மாட்ட சொன்னியா? நாள் பாத்தியா?"

"பஸ் வந்துட்டுல, வைக்கேன்" என்றாள்.

எங்கள் அடுக்களைச் சுவரில் மகளின் பள்ளி நாள்காட்டியும் கோவில்பட்டியிலிருந்து அக்கா அனுப்பிய தினசரிக் காலண்டரும் அருகருகே தொங்குகின்றன. பள்ளி நாள்காட்டியில் இன்றைய கட்டத்தைச் சுற்றி மகள் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். பக்கத்துத் தாளில் அஷ்டமி என்று இருந்தது.