சாமிக்கண்ணுவின் வலது கால்

சாமிக்கண்ணு மீனைக் காலால்தான் தேடுவான். கோடையில் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து ஏரிகள் வற்றித் தொடையளவுக்கு வந்ததும், அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவான். அதற்கு ஊத்தா என்று பேர். சேற்றில் விரால் படுத்திருப்பது உள்ளங்காலில் பட்டதும் ஊத்தாவைக் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டு அள்ளுவான். மனைவி ராஜாம்பாள் அதை பஸ்ஸில் விருத்தாசலத்துக்குக் கொண்டுபோய் விற்பாள்.

2006 கோடையில் அவள் கூடை பாதிகூட நிறையவில்லை. சாமிக்கண்ணு ஏரியைத் திட்டினான், குத்தகைக்காரரைத் திட்டினான், கடைசியில் மீனையே திட்டினான். ராஜாம்பாளின் கவலை வேறு. அவனுக்குச் சர்க்கரை. கரையில் கொட்டிக் கிடந்த பீங்கான் உடைசலில் ஒரு சில்லு உள்ளங்காலில் ஏறியதுகூடத் தெரியாமல் வீடு வந்திருந்தான். ரத்தத் தடத்தைப் பார்த்து அவள்தான் பிடுங்கினாள். புண் ஆறவில்லை. வாடை வேறு அடித்தது.

"ஆஸ்பத்திரிக்கு வாய்யா. கால எடுத்துடப் போறாங்க."

"வலிச்சாத்தான ஆஸ்பத்திரி? சேத்துலயே ஊறுன காலு இது. கெளுத்தி முள்ளு ஏறுனாலும் எனக்குத் தெரியாது. நீ யாவாரத்தப் பாரு."

ஏரியில் இறங்குகிற ஆம்பிளைகள் எல்லாருக்கும் இந்தப் பெருமை உண்டு. காய்த்துப்போன கால் என்று நீட்டிக் காட்டுவார்கள். கத்திக் கத்தி ராஜாம்பாளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மறுநாளும் அவன் புண்ணில் மஞ்சளை அப்பிக்கொண்டு கிளம்பினான். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஏரிக்குள் இறங்கினாள்.

"நீ எதுக்குடி தண்ணியில?"

"ஒன் பொணத்தத் தூக்க."

நின்று நின்று காலால் துழாவினான். "பாத்தியா? ஒண்ணுமில்ல" என்றான். அவன் வலது காலோரம் சேறு குமிழியிட்டுக் கலங்குவதை அவள் பார்த்தாள். குனிந்து கையை விட்டாள். அவன் பாதத்துக்கடியில் ஒரு விரால் அமுங்கிக் கிடந்தது. அதன் வால் அவன் விரல்களில் அடித்துக்கொண்டிருந்தது.

"எது மேல நிக்கிற?"

"சேத்து மேல."

"மீனு மேல நிக்கிறய்யா."

சிரித்தான். அவள் அவன் கையை இழுத்துத் தண்ணீருக்குள் அழுத்தினாள். தொட்டவன் சட்டென்று காலைத் தூக்கினான். விரால் போய்விட்டது. அவன் ஊத்தாவைக் கவிழ்க்கவில்லை.

"எவ்ளோ நாளா இப்பிடி?" என்று அவளைத்தான் கேட்டான்.

"மீனு இல்லன்னு நீ சொல்ல ஆரம்பிச்சதுலேருந்து."

ஈரத்துணியோடே பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். கால் தப்பியது. இனித் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது ராஜாம்பாள்தான் இறங்குகிறாள். அவன் கரையில் வெறுங்காலோடு நின்று உத்தரவு போடுகிறான்.

"எடப்பக்கம் போ. மெள்ள வையி. எருமையாட்டம் மிதிக்கிற."

"செருப்பு எங்க? மொதல்ல அதப் போடு" என்றாள் அவள், சேற்றில் அடுத்த காலை ஊன்றிக்கொண்டே.