மெஷின் சாவி அஞ்சலையிடம்!

போன வாரம் திண்டிவனம் போயிருந்தேன். நண்பர் துரைசாமியின் மல்லாட்டை மில்லில் புது மெஷின் ஓடப் போகிறது, அவசியம் வரவேண்டும் என்று கார்டு போட்டிருந்தார். (எங்கள் பக்கம் வந்து அதை வேர்க்கடலை என்று சொல்லிப் பாருங்கள்... பட்டணத்து ஆசாமி என்று முடிவு கட்டிவிடுவார்கள்!)

மேலே மல்லாட்டையைக் கொட்டினால் கீழே தோல் வேறு, பருப்பு வேறாக விழும். கரண்ட்டில் ஓடும் மெஷின். இத்தனை நாளும் அந்த வேலையை இருபது பெண்கள் உட்கார்ந்து கையால் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் போனபோது ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அஞ்சலை என்கிற அம்மாள்தான் வாயைத் திறந்தார்.

"மொதலாளி, இது ஓட ஆரம்பிச்சிட்டா நாங்கல்லாம் ஊட்டுக்குப் போய்க்கினே இருக்க வேண்டியதுதானா? எம் பொண்ணு இப்பதான் ஸ்கூலுக்குப் போவுது..."

துரைசாமி என்ன சொன்னார் தெரியுமா?

"யாரும் போவ வேணாம். இதை ஓட்டப் போறதே நீதான். இந்தா, சாவி!"

விழுப்புரத்திலிருந்து மெஷின் மாட்ட வந்த ஃபிட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், பொம்பளைங்க கையில குடுத்தா பேஜாரு சார்!" என்றார். துரைசாமி காதில் வாங்கவில்லை.

எனக்கே கொஞ்சம் பயம்தான். ஆடிப் பட்டத்துக்கு விதைப் பருப்பு வேண்டும் என்று பெருமுக்கல் விவசாயிகள் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார்கள். விதைக்கிற பருப்பு முழுசாக இருக்க வேண்டும், உடைந்தால் முளைக்காது. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் இருபது பேருக்கும் வேலை கொடுக்க துரைசாமியிடம் வேறு ஒன்றும் இல்லை.

மெஷின் ஓடியது. எத்தனை நேரம்? ஐந்தே நிமிஷம்! 'கர்ர்' என்று ஒரு சத்தம்... நின்றுவிட்டது.

திறந்து பார்த்தால் உள்ளே களி கிண்டி வைத்திருந்தது. விஷயம் இதுதான் – கையால் உடைக்கும்போது தோல் இளகட்டும் என்று மல்லாட்டையை ஊறவைப்பது வழக்கம். அஞ்சலை அதே பழக்கத்தில், முதல் நாளே மூட்டைகளை நன்றாக ஊறவைத்துவிட்டார்!

ஃபிட்டர் 'நான்தான் சொன்னேனே' என்று பார்த்தார். அஞ்சலை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர். நான் முதலாளியாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே குதித்திருப்பேன். துரைசாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உள்ளே கையை விட்டு அந்தக் களியை வழித்துப் போட ஆரம்பித்தார். வழிக்க வழிக்க அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

அடுத்து, ஃபிட்டர் சொன்னபடி நன்றாகக் காய்ந்த மல்லாட்டை. இப்போது மெஷின் ஜம்மென்று ஓடியது. ஆனால் பருப்பு? பாதிக்குப் பாதி உடைசல்!

"ஸ்க்ரூவை லூஸ் பண்ணிப் பாக்கலாம்," என்றார் ஃபிட்டர். பார்த்தார். அப்படியும் உடைசல்தான்.

அஞ்சலை ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். "மொதலாளி, ஊறவும் கூடாது, இப்பிடி மொறுமொறுன்னும் இருக்கக் கூடாது. லேசா தண்ணி தெளிச்சி, கோணி போட்டு மூடி வச்சிப் பாக்கட்டுமா?"

"காய்ஞ்சதுதான் போடணும்னு கம்பெனி பேப்பர்ல இருக்குது," என்றார் ஃபிட்டர்.

"பேப்பர் எழுதுனவன் நம்ம மல்லாட்டையைப் பாத்திருக்கானாய்யா? நீ தெளி, அஞ்சல!"

தெளித்தார்கள். மூடினார்கள். காத்திருந்த நேரத்தில் மூன்று டீ குடித்தேன். அஞ்சலை சாவியைத் திருப்பினார்.

அடடா! முழுசு முழுசாக, சிவப்புச் சிவப்பாகப் பருப்பு கொட்டியது. ஒரு பெண் விசிலே அடித்துவிட்டார். என்னையும் அறியாமல் நானும் கைதட்டினேன். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல. பருப்பு மளமளவென்று விழ விழ, புடைக்கவும் பொறுக்கவும் மற்ற பத்தொன்பது பேரின் கைகளும் போதவில்லை.

மாற்றத்தை வரவேற்போம் என்று மீட்டிங்கில் பேசுவது சுலபம். நானே நாலு மேடையில் பேசியிருக்கிறேன். அந்த மாற்றம் யாருடைய பிழைப்பில் கை வைக்கிறதோ, அவர் கையிலேயே அதைக் கொடுத்து, முதல் தப்புக்குத் திட்டாமலும் இருப்பது... அதற்கு தில் வேண்டும். துரைசாமிக்கு இருக்கிறது.

நேற்று அவரிடமிருந்து இன்னொரு கார்டு. விழுப்புரத்தில் ஒரு மில்லில் இதே மெஷின் பருப்பை உடைத்துத் தள்ளுகிறதாம். அந்த ஃபிட்டரே வந்து, அஞ்சலையை ஒரு நாள் அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருக்கிறார். போனால் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று துரைசாமிக்கு உதறல்.

அஞ்சலைதான் சமாதானம் சொல்லியிருக்கிறார்: "பயப்படாதீங்க மொதலாளி, நான் எங்கயும் போவ மாட்டேன். சாயந்தரம் பஸ்ஸுக்கே வந்துர்றேன்!"